டும்மு அண்ணனின் புது பிக்கப்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டுதான். ஆனால் மெல்லிசை பாண்டில் சேர்ந்த புதிதில் டிரம்ஸ்காரர் விளையாட்டாக "டும்மு" என்று கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது. பேஸ் கிட்டார் வாசிக்கிறவரை வேறெப்படிக் கூப்பிடுவது? பாடுகிறவருக்குக் கைதட்டல், கீபோர்டுக்குப் பாராட்டு. இவர் கையில் இருப்பது நாலு தடித்த கம்பி. அதிலிருந்து வருவது டும், அப்புறம் இன்னொரு டும். 'அது இருந்தா யாரும் கவனிக்க மாட்டாங்க, இல்லேன்னா பாட்டுக்குக் காலே இருக்காது' என்று அடிக்கடி சொல்வார். சொல்லிச் சொல்லி வீட்டில் அத்தனை பேருக்கும் மனப்பாடம்.

ஐம்பதைத் தாண்டிய உடம்பு. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. அங்கே ஆளுயர மெஷின்களின் வயிற்றிலிருந்து ஈரப் போர்வைகளை இழுத்துத் தள்ளுவண்டியில் போட வேண்டும். ஈரப் போர்வை பிணக்கனம் கனக்கும். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும்போது உடம்பு முன்னால் வரும், வலது தோள் கொஞ்சம் பொறுத்துத்தான் வந்து சேரும். கதவைத் திறக்கும் மனைவி, "இன்னிக்கும் வெளுத்து வாங்கியாச்சா?" என்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே ஜோக். மனுஷர் இன்னமும் சிரிக்கிறார், பாவம்.

வாரம் முழுக்க இப்படி நாக்குத் தள்ள உழைத்துவிட்டு, கிடைக்கிற ஒரு லீவு நாளிலும் காலை நீட்டிப் படுக்க மாட்டார். பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு வரவேற்பு, பிறந்தநாள் என்று கிளம்பிவிடுவார். அந்தத் தோளே வலிக்கிற தோள்தான். கேட்டால், அந்த வலி வேறே, இந்த வலி வேறே என்று ஒரு விளக்கம் வேறு.

பாண்டு அவருடைய மச்சினனுடையது. மனைவியின் தம்பி, கீபோர்டு வாசிப்பவன், நல்ல பையன்தான். முன்பெல்லாம் ஒரு குத்துப்பாட்டின் நடுவில் எல்லாரும் நிறுத்திக்கொள்ள, டும்மு அண்ணன் மட்டும் தனியாகக் கொஞ்ச நேரம் வாசிப்பார். கூட்டம் விசிலடிக்கும். அந்த இடத்துக்காகவே அவர் வாரம் முழுக்கப் போர்வை இழுத்தார் என்று நான் சொன்னால் மிகையில்லை. அந்த இடத்தை மச்சினன் எடுத்துவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, சத்தம் பத்தவில்லை மாமா என்று தலையைச் சொறிந்தான். சவுண்டுக்காரரிடம் போய்க் கேட்டார். ஹால் கோடியில் மிக்ஸரை வைத்துக்கொண்டு எல்லாருடைய சத்தத்தையும் ஏற்றி இறக்குகிறவர் அவர். அவரும் பூசி மெழுகினார்: கேட்கத்தான் செய்யுதுண்ணா, கொஞ்சம் ஒல்லியா இருக்கு, பழைய பிக்கப் இல்லையா, அதுல அவ்வளவுதான் வரும்.

பிக்கப் என்பது கம்பிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் சின்னக் கட்டை. உள்ளே காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி. மேலே கம்பி அதிர்ந்தால், அதை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதன் வேலை. டும்மு அண்ணனின் பேஸில் இரண்டு உண்டு, கழுத்துப் பக்கம் ஒன்று, வால் பக்கம் ஒன்று. சவுண்டுக்காரர் சொன்ன சொல் அவர் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. சத்தம் மட்டும் குண்டாக வரட்டும், என் இடம் எனக்குத் திரும்பக் கிடைத்துவிடும் என்று மனைவியிடம் சொன்னார். அவள் குனிந்த தலை நிமிராமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டையும் ஒரே கம்பெனியில் வாங்கக் கை இடம் கொடுக்கவில்லை. ஒன்று கடையில் புதிதாக வாங்கியது. இன்னொன்று யாரோ கழற்றி விற்றது, வேறு கம்பெனி. வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேஜையில் பழைய துண்டை விரித்து, பேஸைக் குப்புறப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒயரைப் பற்றவைக்க ஈயம் உருக்கும் வாசனை வீடு முழுக்க. ஒரு வாரம் ஒன்றை மாட்டினார், வாசித்துப் பார்த்தார், ஆகா, அடிவயிறு வரை இறங்கியது. அடுத்த வாரம் இன்னொன்று. அதை மட்டும் திறந்து வாசித்தார், அதுவும் அருமை. இரண்டையும் சேர்த்து ஒரு தடவை திறந்து பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அதற்குள் கண் செருகிவிட்டது, நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு வரவேற்பு. கூட்டம் வரும் முன்பே போய்ச் சேர்ந்து எல்லாரும் ஒயர் மாட்டிக்கொண்டார்கள். ஒத்திகைக்கு ஒரு பாட்டு ஆரம்பித்தது. டும்மு அண்ணன் வழக்கம்போல பேஸின் எல்லாத் திருகையும் முழுசாகத் திறந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு முதல் கம்பியைத் தட்டினார்.

டிங் என்றது. டும் இல்லை, டிங். காலடியில் இருந்த அவருடைய சின்ன ஸ்பீக்கரிலிருந்து, காலி டப்பாவைத் தட்டினாற்போல ஒரு சத்தம். நடந்தது என்னவென்றால், ஒரு கம்பெனிக்காரன் வெள்ளை ஒயரை எதற்கு வைத்தானோ, இன்னொருவன் கறுப்பை அதற்கு வைத்திருந்தான். இவர் இரண்டையும் ஒரே மாதிரி மாட்டிவிட்டார். ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தது. தனித்தனியாக இரண்டும் ராஜா, சேர்ந்தால் அடிச்சத்தம் அத்தனையும் ஒன்றையொன்று தின்றுவிட்டது.

அது என்ன தப்பு என்பது உடனே புரிந்துவிட்டது. அவர் திகைத்து நின்றது அதற்காக இல்லை. ஹால் கோடியிலிருந்து சவுண்டுக்காரர் கட்டை விரலை உயர்த்தி, "பேஸ் இன்னிக்கு சும்மா குண்டா இருக்குண்ணா! புது பிக்கப் வேலையைக் காட்டுது" என்று மைக்கில் சொன்னார்.

டும்மு அண்ணன் கையை எடுத்துவிட்டார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெரிய ஸ்பீக்கர்களில் டும், டும், டும். அவர் மச்சினனின் இடது கையைப் பார்த்தார். அது கீபோர்டின் கீழ்க்கட்டைகளில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தது.

பேஸைச் சுவரில் சாய்த்துவிட்டு மிக்ஸர் வரைக்கும் நடந்து போனார். அவருடைய சத்தத்தை ஏற்றி இறக்கும் பட்டன் அடிமட்டத்தில் கிடந்தது. அதன் மேல் தூசி. சவுண்டுக்காரர் ஒயரைச் சுருட்டுவதுபோலப் பாவனை செய்தார். பின்னாலேயே ஓடி வந்த மச்சினனிடம் எத்தனை நாளாக என்று கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு வருஷம் இருக்கும் என்றான்.

"அப்போ ஒரு வருஷமா நான் ஒப்புக்குச் சப்பாணியா?"

"அக்காதான் மாமா சொன்னா. உங்களை நிறுத்திட்டா நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னா. நான் என்ன செய்ய?"

அடி வாங்கினால்கூட இப்படி வலித்திருக்காது. சொந்த வீட்டில், சொந்தப் பெண்டாட்டி, ஒவ்வொரு வாரமும் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து, பேசாத ஸ்பீக்கர் முன்னால் நிற்க அனுப்பி வைத்திருக்கிறாள். அவருக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. ஏன் நிறுத்த வேண்டும் என்று நினைத்தாய் என்று மச்சினனிடம் கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. பிக்கப்தான் காரணம் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருந்தார் மனுஷர். சவுண்டுக்காரரின் பெட்டியிலிருந்து ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைத் தானே எடுத்து, மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் பற்ற வைத்தார். வேலை சுத்தம். மாட்டித் தட்டினார். டும். காலடியில் தரை அதிர்ந்தது.

"என் பட்டனை ஏத்துப்பா. நீ இடது கையை எடுடா." சவுண்டுக்காரர் பட்டனை ஏற்றினார், மச்சினன் இடது கையை மடியில் வைத்துக்கொண்டான்.

கூட்டம் வந்தது, பாட்டு தொடங்கியது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவருடைய சத்தம் அந்தப் பெரிய ஸ்பீக்கர்களில் வந்தது. அப்பப்பா, என்ன சத்தம்! சுவரெல்லாம் அவர்தான். நெஞ்சுக்கூட்டுக்குள் கைவிட்டு உலுக்கினாற்போல இருந்தது. பல்லவி முடியும் வரை அவர் இந்த உலகத்திலேயே இல்லை.

அப்புறம்தான் ஏதோ இடறியது. ஹாலில் எதிரொலி என்று நினைத்தார். பெரிய டிரம்மை மிதிக்கும் டிரம்ஸ்காரரின் காலைப் பார்த்தார். கால் மிதித்த பிறகு, ஒரு கண்ணிமைப்பு தாமதித்து, இவருடைய டும் வந்தது. இவர் முந்திப் பார்த்தார், அடுத்த அடியில் மறுபடி பிந்தினார். விரல் புத்தி சொன்ன நேரத்துக்கு வரவில்லை. புத்தி சொன்னது அந்த வலிக்கிற தோள் வழியாக விரலுக்கு வந்து சேர அவ்வளவு நேரம் ஆனது. டிரம்ஸ்காரர் இவர் முகத்தைப் பார்க்காமலேயே வேகத்தைக் குறைத்துக் குறைத்து இவருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் கால் தடுமாறி, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து, ஒவ்வொருவராக நாற்காலிக்குத் திரும்பினார்கள். சின்ன ஸ்பீக்கரில், ஒல்லிச் சத்தத்தில், இது இத்தனை நாளும் தெரியவே இல்லை.

பாட்டு முடிந்ததும் சவுண்டுக்காரர் மறுபடியும் கட்டை விரலைத் தூக்கினார். நல்ல மனுஷர், எத்தனை பொய் சொல்வார்! டும்மு அண்ணன் அவரைப் பார்த்து, உள்ளங்கையைக் கவிழ்த்து, மெல்லக் கீழே இறக்கிக் காட்டினார். அவருக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை காட்டினார். பட்டன் இறங்கியது. மச்சினன் இடது கையைக் கீபோர்டில் வைத்தான். அடுத்த பாட்டுக்குக் கூட்டம் எழுந்து ஆடியது. டும்மு அண்ணன் கடைசிப் பாட்டு வரை நின்று, ஒரு கம்பி விடாமல் வாசித்தார்.

ஒயர்களைச் சுருட்டும்போது, வேறே ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லி மச்சினனிடம் அவரே சொன்னார். வருகிறவனிடம் நல்ல பேஸ் இல்லாவிட்டால் இதையே வாசிக்கட்டும், பிக்கப் ரெண்டும் புதுசு என்றார். மச்சினன் குழந்தைபோல அழுதுவிட்டான். அவனைச் சமாதானப்படுத்துவது இவர் வேலையாயிற்று.

பேஸை அங்கேயே விட்டுவிட்டு வெறும் தோளோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்ததும் மனைவிக்கு விளங்கிவிட்டது. தம்பி போன் செய்திருப்பான், அல்லது செய்யாமலே தெரிந்திருக்கும். சண்டை வரும் என்று தயாராக நின்றாள். அவர் செருப்பைக் கழற்றினார், நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பிக்கப் மாத்தினதுல சத்தம் வந்துச்சா?" என்று கேட்டாள்.

"நல்லா வந்துச்சு."

"எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"அவங்களுக்கெல்லாம் முன்னாடியே கேட்டிருக்கு," என்றார். "இன்னிக்குத்தான் எனக்குக் கேட்டுச்சு."