மருதாணி வைத்த முட்டைகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், மேல்விஷாரத்தில் யார் வீட்டுக் கோழி அடைக்கு உட்கார்ந்தாலும் அது பூவம்மாள் வீட்டுக்குத்தான் வரும். வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விடுவார்கள். கோழியும் முட்டையும் சொந்தக்காரருடையவை, பாடு பூவம்மாளுடையது. வளர்ந்த குஞ்சுகளில் பாதி அவளுக்கு. அவள் கணவன் ஆதிகேசவன் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்குபவன். கூலியில் ஒரு பங்கு கள்ளுக்கடைக்குப் போய்விடும். குடும்பம் கோழிக்காலில்தான் நின்றது.

முனவ்வர் பேகத்தின் கருங்கோழிகளுக்கு அந்த வட்டாரத்தில் பெயர் உண்டு. மருந்துக்கென்று ஹக்கீம் வைத்தியர்கள் தேடி வருவார்கள். சேவலும் கருப்பு, பெட்டையும் கருப்பு, இரண்டும் ஒரே அடையில் பொரித்தவை. அந்தப் பெட்டையையும் அதன் முட்டைகளையும் பேகம் பூவம்மாளிடம் நம்பிக் கொடுத்தாள். பொரித்தபோது, கருப்புக் குஞ்சுகளுக்கு நடுவே இரண்டு மட்டும் சாம்பல் பூசிய வெள்ளையாக நின்றன.

அந்த இரண்டையும் பருந்து தூக்கிவிட்டது என்று பூவம்மாள் சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்கப்போவதில்லை. ஆனால் கூடையோடு கொண்டுபோய்க் காட்டினாள். நேர்மையாக இருந்ததற்குக் கிடைத்த கூலியைக் கேளுங்கள்.

"கருப்புக்கும் கருப்புக்கும் வெள்ளை எப்படிப் பொறக்கும், பூவு?" என்றாள் பேகம். "என் முட்டையைத் தின்னுட்டு சந்தை முட்டையை வெச்சிட்டீங்க. எனக்குப் பேஜார் வேணாம். உங்க அம்மன் கோயில்ல சூடம் அணைச்சி, உன் ஊட்ல யாரும் மாத்தலைன்னு சத்தியம் பண்ணு. நம்பறேன்."

பொன்னியம்மன் கோயில் வாசலில் தெருவே கூடியது. ஆதிகேசவன் ஓரமாக நின்றான். எரிகிற சூடத்துக்கு மேலே பூவம்மாள் கையை நீட்டினாள். தான் மாற்றவில்லை என்று ஆயிரம் சூடம் அணைப்பாள். ஆனால் பேகம் கேட்டது 'வீட்டில் யாரும்' என்று. கள்ளுக்கு அவித்த முட்டை தேடுகிற புருஷனை ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். பொய்ச் சத்தியம் பிள்ளையைக் காவு வாங்கும் என்பார்கள். இடுப்பில் பிள்ளை இருந்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

"குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது" என்றாள் பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம்.

பொழுது சாய்வதற்குள் ஆளாளுக்கு வந்து தங்கள் கோழியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பூவம்மாள் அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. நேராகப் பேகத்திடம் போனாள்.

"பீபிம்மா, அதே கோழியை, அதே சேவலோட வுட்டு, உங்க ஊட்லயே அடை வையுங்க. நான் தொட மாட்டேன். வெள்ளை வரலைன்னா ஊரை வுட்டே போய்டறோம்."

பேகம் ஒப்புக்கொண்டாள். கோழி மறுபடி இட்ட ஒவ்வொரு முட்டையிலும் தன் கையாலேயே மருதாணிப் பொட்டு வைத்தாள்; கரிக்கோடு அழிந்துபோகும், மருதாணி போகாது. அடை வைத்த அறையைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

அந்த மூன்று வாரமும் ஆதிகேசவன் கள்ளுக்கடைப் பக்கமே போகவில்லை. அதுவே பூவம்மாளுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

பொரிக்கிற அன்று பேகமும் பூவம்மாளும் அறைக்குள் போனார்கள். கோழியின் மார்புக்கடியில் எட்டிப் பார்த்த தலையெல்லாம் கருப்பு.

"போ, பூவு" என்றாள் பேகம். குரலில் கோபம்கூட இல்லை.

பூவம்மாள் அசையவில்லை. பேகம் தவிட்டை வைத்ததும் கோழி எழுந்தது. அதன் பின்னால், இறகுக்குள்ளிருந்து, வெள்ளையாக ஒன்று தடுமாறி வந்தது. பேகம் குனிந்து உடைந்த ஓடுகளைப் புரட்டிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அவள் வைத்த பொட்டு.

"மாஃப் பண்ணிடு, பூவு" என்று மன்னிப்புக் கேட்டாள் பேகம்.

கருப்பு கருப்பைத்தான் பெறும் என்று கோழிக்கு யார் ஜாதகம் எழுதினார்கள்? முன்னே ஏதோ ஒரு தலைமுறையில் ஒரு வெள்ளை இருந்திருக்கிறது. ஒரே அடையில் பிறந்த சேவலும் பெட்டையும் அதை ரத்தத்தில் மறைத்து வைத்திருந்தன. இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் அது தலைகாட்டும். இன்றைக்கு இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள். அன்றைக்கு இதற்குப் பெயர் திருட்டு.

பூவம்மாள் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். ஆதிகேசவன் சுண்ணாம்பு தின்ற விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"வெள்ளை வந்துடுச்சு. பொட்டு வெச்ச முட்டையில."

அவன் எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தான்.

"எழுந்திரு, கோயிலுக்குப் போலாம்" என்றாள். "எங்க ஊட்ல யாரும் மாத்தலைன்னு, இப்ப அணைக்கறேன்."

"அன்னிக்கு என்னைப் பார்த்துட்டுக் கையை இழுத்தியே. இப்ப யார் வேணும்னாலும் அணைப்பாங்க" என்றான்.