மம்சாபுரம் விலக்கில் ஹீட்டர்

எங்கள் ஊர் வெயிலுக்குக் காரில் ஹீட்டர் எதற்கு என்று செய்தவர்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வாங்கிய நாளிலிருந்து நான் அதைப் போட்டதே இல்லை. ஆனாலும் இஞ்சினைக் குளிரவைத்துச் சூடேறும் கூலன்ட் திரவம், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் பெட்டிக்குள்ளும் ஓய்வில்லாமல் போய்வந்துகொண்டுதான் இருந்தது.

ஒரு வாரமாகக் கூலன்ட் குறைந்தது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. முன் இருக்கைக் காலடி மட்டும் ஈரமாக இருந்தது. நாயின் வேலை என்றாள் மனைவி. ஏசி தண்ணீர் என்றேன் நான். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த நாய்க்குத்தான் அன்று பிரசவம். காலையிலிருந்து முக்கியும் குட்டி வரவில்லை. ராஜபாளையத்து மருத்துவர் வெளியூரில் இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் மருத்துவர் போனிலேயே, "குட்டி குறுக்க கெடக்கும்போல. உடனே கொண்டாங்க, தாயும் தாங்காது" என்றார். அந்நியர் வாசனை பட்டாலே கடிக்கிற சாதி நாய். ஆட்டோக்காரர்கள் தெருமுனையிலேயே கும்பிடு போட்டுவிட்டார்கள். அதே காரில்தான் கிளம்பினோம்.

மம்சாபுரத்துக்குப் பிரியும் விலக்கை நெருங்கும்போது முன் கண்ணாடி உள்பக்கமாகப் பனித்தது. துடைத்தால் விரல் பிசுபிசுத்தது, தித்திப்பான ஒரு வாடை. வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி, பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, காலடி விரிப்பைத் தூக்கினேன். பச்சைக் கூலன்ட் குளமாக நின்றது. ஒழுகியது ஹீட்டர்.

பக்கத்துத் தோப்பிலிருந்து ஒருவர் ஈரத்துண்டோடு வந்து, நேரே ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

"கொதிக்குது. இப்பத் திறந்தா முகம் வெந்துபோகும்."

"அப்ப எம்புட்டு நேரம் சார் பாத்துக்கிட்டு நிக்கிறது?"

"ஆறுற வரைக்கும்."

பின் இருக்கையில் நாயின் தலையை மடியில் வைத்திருந்த மனைவி, "ஒங்க ரூல்ஸைக் குட்டிகிட்டச் சொல்லுங்க, அது கேட்டுக்கிடும்" என்றாள்.

ஆறுவதற்குள் செய்ய வேண்டியது இருந்தது. ஹீட்டருக்குப் போகும் குழாய் ஒன்று, திரும்பி வரும் குழாய் ஒன்று. இரண்டையும் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால் கூலன்ட் ஹீட்டர் பக்கமே போகாது. இணைக்க ஒரு குழாய்த் துண்டு வேண்டும்.

"பம்புசெட்டுல பிளாஸ்டிக் துண்டு கெடக்கு சார்."

"சூட்டுக்கு இளகிடும். இரும்பு இருக்கா?"

அவர் ஓடினார். "ஹீட்டரா? நம்ம ஊருலயா? எவன்லே இதை மாட்டுனான்?" என்று அவர் தோப்புக்குள் யாரிடமோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

அப்போது நாயின் முனகல் நின்றது. மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். மூடிமேல் கையை வைத்துப் பார்த்தேன். இன்னும் சுட்டது. கையை எடுத்துக்கொண்டேன்.

இரும்புத் துண்டு வந்தது. மூடி ஆறியதும் குழாய்களைக் கழற்றி, துண்டின் இரு முனையிலும் செருகி, கிளிப்பை இறுக்கினேன். விரலில் தோல் போனது. அவர் பம்பிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தார். மூடியைத் திறந்துவைத்தபடியே இஞ்சினை ஓடவிட்டு, குமிழ் அடங்கும்வரை ஊற்றினேன். இதை அவசரப்படுத்தினால் உள்ளே காற்று நின்று அடுத்த மைல்கல்லிலேயே மறுபடி கொதிக்கும். மனைவி நாயின் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தாள். திட்டியிருக்கலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை முள் அசையவில்லை.

மருத்துவர் குறுக்கே கிடந்த குட்டியை எடுத்து ஒரு துணியில் சுற்றி ஓரமாக வைத்தார். அதற்கு உயிர் இல்லை. பின்னால் மூன்று உயிரோடு வந்தன. தாய் மெல்லக் கண் திறந்தது.

நான் பயந்த கேள்வியை மனைவி கேட்டேவிட்டாள்: "செத்த நேரம் முன்னால வந்திருந்தா, அதுவும் பொழச்சிருக்குமா டாக்டர்?"

அவர் கை கழுவிக்கொண்டே, "சொல்ல முடியாதும்மா. நடுவழியில வண்டி நின்னே போயிருந்தா நாலும் போயிருக்கும், தாயும் போயிருக்கும். அதைச் சொல்லலாம்" என்றார்.

அவள் துணியை விலக்கி அந்தக் குட்டியைப் பார்த்தாள். பிறகு மூடினாள்.

"மொதல்ல விரலுக்கு மருந்து போடுங்க" என்றாள் என்னிடம், திரும்பிப் பார்க்காமலே.