ஏழாவது கட்டம்

என் மேசை இழுப்பறையில், கடைச் சாவிகளுக்கும் காலாவதியான பாஸ்போர்ட்டுக்கும் அடியில் ஒரு படிவம் கிடக்கிறது. மடிப்புகளில் நைந்து நாலு துண்டாகப் பிரியப் பார்க்கிறது. ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் பிரெஞ்சு. ஏழாவது கட்டத்தின் மேல் ‘உங்கள் வார்டு உறுப்பினரின் பெயர், கையொப்பம், முத்திரை’ என்று அச்சடித்திருக்கும். கட்டத்துக்குள் ஊதா மையில் வட்டமான ஒரு ரப்பர் முத்திரை, அதன் குறுக்கே வழுக்கிக்கொண்டு போகும் ஒரு கையெழுத்து. முத்திரைக்கு முன்னால் பின்னொரு நாளில் பேனாவால் நெருக்கி எழுதிய ஒரே ஒரு சொல்: ‘முன்னாள்’. இந்தக் குப்பையை ஏன் கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறாய் என்று என் கணவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். கிழித்தால் எனக்கு வசதியாகப் போய்விடும், அதனால்தான் என்றேன். அவருக்குப் புரியவில்லை. லீடராக இருந்தால் உடனே புரிந்திருக்கும்.

லீடர் என்பது அவள் பெயர் அல்ல. ஆறாம் வகுப்பில் அவளைக் கிளாஸ் லீடர் ஆக்கினார்கள். டீச்சர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதச் சொன்னபோது, முதல் பெயராகத் தன் பெயரையே எழுதிவிட்டு நின்றாள். “பேசாதீங்கடி” என்று முதலில் கத்தியது அவள்தானாம். அன்றைக்கு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குப் பிறகு டீச்சர்கள்கூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளுடைய அப்பா மில் மூடியதிலிருந்து ஒரு லாட்ஜில் வாட்ச்மேன். அம்மா ஊர் ஓரத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை. என் அத்தா பெரிய மார்க்கெட்டில் குடையும் பூட்டும் விற்கிறவர். கருவடிக்குப்பத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தெருதான். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது வரைக்கும் ஒரே பெஞ்ச்.

பிளஸ் ஒன் படிக்கும்போது எங்கள் பள்ளியிலிருந்து ஐந்து பெண்களை பிரான்சுக்கு அழைத்துப்போக ஒரு அமைப்பு முன்வந்தது. குடிமைக் கல்விப் பரிமாற்றம் என்று பெயர். அங்கே ஒரு சிறிய ஊரில் பத்து நாள் தங்கி, அந்த ஊர் ஜனங்கள் தங்கள் ஊரை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். நம் ஊரை நாம் எப்படி நடத்துகிறோம் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். லீடரும் நானும் அந்த ஐந்தில் இருந்தோம். மூன்று மாதம் சனிக்கிழமைதோறும் பயிற்சி. தோசையை முள்கரண்டியால் வெட்டிப் பழகினோம். ‘உண்மையை அச்சமின்றிக் கேட்பேன், உண்மையை அச்சமின்றிச் சொல்வேன்’ என்று ஓர் உறுதிமொழியைத் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் நெட்டுருப் போட்டோம். லீடரின் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் பொறுக்கியெடுத்து அரக்கு நிற ஸ்வெட்டர் ஒன்று வாங்கி வந்தார். கத்திரி வெயிலில் லீடர் அதைப் போட்டுக்கொண்டு எங்கள் தெருவரை நடந்து வந்து, வியர்த்துக் கொட்டியபடி, “குளுரே தெரியலடி” என்றாள். விமானத்தைத் தலைக்கு மேல் தவிர வேறெங்கும் பார்த்திராத வீடு அது. அந்தப் பயணம் அவளுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

கிளம்புவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்தப் படிவம் வந்தது, அந்த பிரெஞ்சு ஊர் நகராட்சியில் எங்கள் கையாலேயே கொடுக்க வேண்டியது. ஆறு கட்டங்களை மளமளவென்று நிரப்பினோம். ஏழாவதில் எல்லாருடைய பேனாவும் நின்றது. வார்டு உறுப்பினர் யார்? எங்கள் ஊரில் அப்படி ஒருவரும் இல்லை. நகராட்சி இருக்கிறது, அதிகாரிகள் இருக்கிறார்கள், வீட்டு வரி ரசீது ஒழுங்காக வருகிறது. உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்தான் நடப்பதில்லை. என் அத்தா தலை நரைத்தவர். நகராட்சிக்கென்று அவர் ஓட்டுப் போட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. அப்போது ஜெயித்தவர்களின் பதவிக்காலம் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே முடிந்துவிட்டது. அதற்கப்புறம் நாற்காலிகள் காலி.

ஆனாலும் எங்கள் பகுதியில் கவுன்சிலர் என்று ஒருவர் இருந்தார். எங்கள் ஊர்ப் பழக்கம் அது. ஒரு முறை கவுன்சிலர் ஆனவர் கடைசி வரைக்கும் கவுன்சிலர்தான். டீக்கடையில் அவருக்குத்தான் முதல் டீ, கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்கு முன்னால் அந்தப் பட்டம். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் சாக்கடை அடைத்துக்கொண்டாலும் ஜனங்கள் அவர் வீட்டுக்குத்தான் போவார்கள். அவரும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பழைய ஆட்கள் இன்னும் பிரெஞ்சுக்காரர் கால வழக்கப்படி ‘மேரி’ என்று சொல்லும் நகராட்சி ஆபீசுக்கு அவர்களோடு பஸ் ஏறிப் போவார். நல்ல மனிதர். பழைய முத்திரையை ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தார். எங்களைப் பயிற்றுவித்த ஒருங்கிணைப்பாளர் மேடமே, “அவர்கிட்ட போய் வாங்கிடுங்க, இது ஒரு ஃபார்மாலிட்டி” என்று சொல்லிவிட்டார். முதல் ஆளாக நான் போய் வாங்கினேன். மற்ற மூன்று பெண்களின் வீடு ஊரின் வேறு வேறு மூலைகளில். அவர்கள் வார்டுக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. முத்திரை வைத்திருக்கிறவர் இவர் ஒருவர்தான் என்பதால் அவர்களும் பஸ் பிடித்து வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். எங்களில் ஒருத்திக்கும் அது உறுத்தவில்லை.

லீடருக்குத் துணையாக நான் போனேன். அவர் டின்னைத் திறந்து முத்திரையை மைப் பெட்டியில் ஒற்றிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: “ஐயா, நீங்க இப்ப கவுன்சிலரா?”

சண்டைக்குக் கேட்கவில்லை. பலகையில் தன் பெயரை எழுதிய அதே முகம். அவர் முத்திரையைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அத்தனை வருடங்களில் ஒருவரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். உள்ளேயிருந்து அவர் மனைவி, “யாருங்க, என்னவாம்?” என்று இரண்டு முறை குரல் கொடுத்தார்.  அவர் முத்திரையைத் துணியால் துடைத்து டின்னுக்குள் வைத்தார். “இல்லம்மா. நான் கவுன்சிலர் இல்ல. போடக்கூடாது. உனக்கு மட்டும் இல்ல, யாருக்குமே போட்டிருக்கக்கூடாது” என்றார். எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. தெருவில் இறங்கியதும், “வாயை வச்சுக்கினு சும்மா இருக்க மாட்டியாடி நீ?” என்று கத்தினேன். “அவர்தான் இல்லன்னு சொல்லிட்டாரே, அப்புறம் நான் இன்னா எழுதறது?” என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

அன்று மாலையே ஏழாவது கட்டத்தில் நீல மையில் எழுதினாள். ‘இல்லை. எங்கள் ஊரில் தேர்தல் நடக்கவில்லை.’ அதன் கீழே அதையே பிரெஞ்சிலும் எழுதினாள், இலக்கணப் பிழை வராமல் பிரெஞ்சு டீச்சரிடம் காட்டித் திருத்திக்கொண்டு. மேடம் படிவத்தைப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தார், பிறகு கெஞ்சினார், பிறகு மிரட்டினார். “வெளிநாட்டுக்காரங்க முன்னாடி நம்ம ஊர் மானத்தை வாங்கப் போறியா?” என்றார். “காலியா இருக்கறத காலின்னு எழுதினா மானம் போய்டுமா மேடம்?” என்றாள் இவள். தலைமையாசிரியர் கூப்பிட்டுப் பேசினார். அவளுடைய அம்மா ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, பள்ளி வராந்தாவில் நின்று அழுதார். லீடரும் அழுதாள், ஆனால் படிவத்தை மாற்றவில்லை. முழுமையாக நிரப்பாத படிவம் என்று சொல்லி அதை அவளிடமே திருப்பிக் கொடுத்து, அவளை நீக்கிவிட்டு, காத்திருப்புப் பட்டியலில் இருந்த இன்னொரு பெண்ணைச் சேர்த்தார்கள். முழுமையாக நிரப்பியிருந்த ஒரே படிவம் அதுதான் என்பது எனக்கு அப்போதே தெரியும். வாயைத் திறக்கவில்லை.

அதோடு விட்டதா என்றால் இல்லை. இரண்டு நாள் கழித்துக் கவுன்சிலர் பெரிய மார்க்கெட்டுக்குள் எங்கள் கடையைத் தேடிக்கொண்டு வந்தார். மீன் பக்கத்திலிருந்து ஜனம் முட்டி மோதிக்கொண்டு வரும் நேரம். தொங்கும் குடைகளுக்குக் கீழே குனிந்து நின்று, “பாப்பா, அன்னைக்கு உன் பேப்பர்ல போட்ட கையெழுத்த அடிச்சுக் குடுத்துடறேன். மனசு கேக்கல” என்றார். படிவம் என் ஸ்கூல் பையில் இருந்தது. பை என் காலடியில் இருந்தது. “குடுத்துட்டேன் ஐயா. மேடம்கிட்ட போய்டுச்சு” என்றேன். அவர் சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போனார். நான் சொன்ன பொய்களில் இன்றைக்கும் தொண்டையில் நிற்பது அதுதான். எனக்கு விமானம் ஏற வேண்டியிருந்தது. வேறு காரணமெல்லாம் இல்லை.

கிளம்புகிற அன்று காலை லீடர் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் அரக்கு ஸ்வெட்டர். “உன்னுது மெல்லிசா இருக்குது, குளுரும். இத எடுத்துனு போ” என்றாள். நான் வேண்டாம் என்றேன். வைத்துவிட்டு வாசல் வரை போனவள் திரும்பி, “பாக்கெட்ல என் ஃபாரம் இருக்குது. நான்தான் போவல, அதுவாச்சும் போவட்டும்” என்றாள். அவள் என்மேல் கோபப்பட்டிருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

பிரான்சில் அந்தச் சிறிய ஊரின் நகராட்சிக் கட்டடம் எங்கள் மார்க்கெட்டின் ஒரு வரிசைக் கடை அளவுகூட இருக்காது. அதற்கும் மேரி என்றுதான் பெயர். நீளமான மேசையைச் சுற்றி உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் ஓட்டு வாங்கி வந்தவர்கள். எங்களை வரவேற்ற அம்மாள் பகலில் தபால் கொடுக்கும் வேலை பார்க்கிறவர் என்றார்கள். உறுதிமொழியைப் பிரெஞ்சில் சொன்னோம், கை தட்டினார்கள். பிறகு அந்த அம்மாள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் படிவத்தை வாங்கத் தொடங்கினார். என் முறை வந்தது. என் படிவம் கையில்தான் இருந்தது, ஊதா முத்திரையோடு. ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குள் கையை விட்டேன். லீடருடையதை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் படித்தார். பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது, எங்களோடு வந்திருந்த மேடம் எழுந்துவிட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன்: “இது என் தோழியுடையது. உண்மையை எழுதினாள். அதனால் அவளை அழைத்து வரவில்லை. மற்ற கையெழுத்துகள் பொய். என்னுடையதும்.”  அந்த அம்மாள் எத்தனை வருடமாகத் தேர்தல் இல்லை என்று கேட்டார். விரல் விட்டுக் காட்டினேன். அவர் படிவத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். அது மேசையைச் சுற்றி ஒவ்வொரு கையாகப் போனது. ஒவ்வொருவரும் படித்தார்கள். மேடம் மீதி நாட்கள் முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை.

ஊர் திரும்பியதும் என் படிவத்தை எடுத்துக்கொண்டு நேரே கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். பொய் சொன்னதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கையெழுத்தை அடித்துவிடப் பேனாவைத் திறந்தவர், கொஞ்சம் யோசித்துவிட்டு முத்திரைக்கு முன்னால் ‘முன்னாள்’ என்று எழுதினார். “அந்தப் பொண்ணுகிட்ட காட்டு. இப்ப சரியா இருக்குதான்னு கேளு” என்றார். அவர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. அந்த முத்திரையை அதன் பிறகு அவர் யாருக்கும் போடவில்லை. வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு மேரிக்குப் போவதை மட்டும் கடைசி வரைக்கும் விடவில்லை.

லீடர் இன்று மேட்டுப்பாளையத்தில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். லீவு நாளில் யாருக்காவது மனு எழுதிக்கொண்டு நகராட்சி வாசலில் நிற்பாள். தெருவில் சிலர் அவளைக் கவுன்சிலர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். “தேர்தல் வரட்டும், நின்னு ஜெயிச்சப்புறம் அப்படிக் கூப்பிடு. அதுவரைக்கும் அந்தப் பேரு காலி” என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். ஒருத்தரையும் விட்டதில்லை. வெளிநாடு அவள் இன்னும் போகவில்லை. போகாததற்கு வருத்தமா என்று ஒருமுறை கேட்டேன். “ஆமா, ரொம்ப” என்றாள். “அதுக்காக?” என்றாள்.

போன மாதம் எங்கள் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். இந்த வருடமும் ஐந்து பெண்கள் போகிறார்கள், பழைய மாணவி என்ற முறையில் வந்து படிவம் நிரப்ப உதவ வேண்டுமாம். நான் லீடரையும் இழுத்துக்கொண்டு போனேன். அதே படிவம், அதே ஏழாவது கட்டம். காகிதம் மட்டும் கொஞ்சம் வழுவழுப்பு. ஒரு பெண் எழுந்து, “அக்கா, இதுல யாருகிட்ட கையெழுத்து வாங்கணும்?” என்று கேட்டாள். புதிய ஒருங்கிணைப்பாளர் முந்திக்கொண்டு, “அது ஒரு ஃபார்மாலிட்டிதாம்மா, பழைய ஆள் யாராவது...” என்று தொடங்கினார். நான் பையிலிருந்து என் படிவத்தை எடுத்து அவர் முன்னால் விரித்து வைத்தேன், ‘முன்னாள்’ என்ற சொல் அவர் கண்ணில் படும்படி. அவர் அதைப் படிப்பதற்குள் லீடர் பெண்களுக்கு எதிரில் போய் நின்றுவிட்டாள்.

“யாருகிட்டயும் வாங்க வேணாம்” என்றாள். “பேனாவ எடுங்க.”

ஐந்து பேரும் எடுத்தார்கள்.