காலில் இறகுள்ள சேவல்

என் அக்கா லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு மட்டும் நாளுக்கு முந்நூறு. பதினெட்டு வருஷமாக நின்றுகொண்டே வேலை. தனக்கென்று அவள் ஆசைப்பட்டது ஒன்றுதான்: கண்காட்சிக்குக் கோழி வளர்ப்பது.

குஞ்சு வாங்கப் போன அன்று பண்ணைக்காரர் நல்ல நல்ல ரகமாகக் காட்டினார். அக்கா மூலையில் கிடந்த சாம்பல் நிறக் குஞ்சுகளைக் கேட்டாள். விரல் நுனிவரை காலை இறகு மூடியிருக்கும் ரகம்.

"அது வேணாம்மா. கோழி வளர்க்கிறவங்க சங்கத்துப் புத்தகத்துல அப்படி ஒரு ரகமே இல்ல. கப்பு வராது."

"புத்தகத்துல நானும்தான் இல்ல. எடுத்துக் கொடுங்க."

புத்தகத்தில் இல்லாத ரகங்களைக் கண்காட்சியில் 'மற்றவை' என்று கடைசி வரிசையில், கழிப்பறைக் கதவை ஒட்டி வைப்பார்கள். பரிசு கிடையாது. ஆனால் விட்டுப்போகாமல் மூன்று வருஷம் அந்த வரிசையில் காட்டி, நடுவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் ரகம் புத்தகத்தில் ஏறிவிடும். அக்கா இரண்டு வருஷம் முடித்துவிட்டாள்.

"என்ன தங்கச்சி, சேவலுக்கு சாக்ஸ் மாட்டிக் கூட்டிட்டு வந்திருக்கே? ஷூ எங்க?" என்பார் சங்கச் செயலாளர். கூடம் முழுக்கச் சிரிக்கும். அக்கா காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். அவமானமெல்லாம் அவள் புருஷனுக்கு, என் மாமாவுக்குத்தான். பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்தவர்களை ஒரு வார்த்தை கேட்கத் துப்பில்லாமல் வீட்டுக்கு வந்து தட்டைத் தள்ளிவிடுவார்.

மூன்றாவது வருஷம் அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. கண்காட்சிக்கு முதல் நாளே சேவலை மூன்று தொட்டி நீரில் அலசி, முடி காயவைக்கும் மெஷினால் காலிறகை ஒவ்வொன்றாக உலர்த்தி வைத்தாள். "நீங்க கொண்டுபோய் வைங்க, மத்தியானம் ஓடி வந்துடுறேன்" என்று மாமாவிடம் சொல்லிவிட்டுக் காலையில் வேலைக்குப் போனாள்.

அவள் தெருமுனை திரும்பியதும் மாமா சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்தார். கையில் புருவம் பிடுங்கும் இடுக்கி.

"காலு மொட்டையா இருந்தா இது புத்தகத்துல இருக்கிற ரகம். இந்த இறகுதான் குறுக்க நிக்குது. உங்கக்கா ஒரு தடவையாவது கப்போட வீட்டுக்கு வரட்டும். நீ வாயைத் திறக்காதே."

நான் எப்போது திறந்தேன்? சேவல் கத்தியது. ரத்தம் பொட்டுப் பொட்டாக வந்த இடத்தில் வாஸ்லின் களிம்பு தடவினார். கண்காட்சிக்குப் போய் விண்ணப்பத்தில் ரகத்தின் பெயரையும் மாற்றி எழுதினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மத்தியானம் அக்கா வியர்வையோடு வந்து நேராகக் கடைசி வரிசைக்குப் போனாள். சேவல் இல்லை. முன்வரிசையில் சிவப்பு ரிப்பன் குத்திய கூண்டில் இருந்தது. குனிந்து காலைப் பார்த்தாள்.

"யாரு பண்ணது?"

மாமா கப்பைத் தூக்கிக் காட்டினார். "உனக்காகத்தாண்டி."

அக்கா கூண்டைத் திறந்து, சேவலைத் தூக்கிக்கொண்டு போய் நடுவர் மூக்குக்கு நேரே அதன் காலை நீட்டினாள்.

"பாருங்கய்யா, இறகு இருந்த ஓட்டை. இது மொட்டைக்கால் இல்ல, பிடுங்கின கால். 'மற்றவை'ல சேர்த்துக் கையெழுத்துப் போடுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். "பிடுங்கின பறவைய எந்த வரிசையிலயும் சேர்க்க முடியாதும்மா. கப்பையும் திருப்பிக் கொடுக்கணும். இந்த வருஷம் விட்டுப்போச்சு. மறுபடி ஒண்ணுலேர்ந்துதான்."

"பேசாம இருந்திருந்தா கப்பாவது மிஞ்சியிருக்கும்" என்றார் செயலாளர்.

"உங்க கப்புல நான் கோழிக்குத் தண்ணிகூட வைக்க மாட்டேன்."

வீட்டில் மாமா மூன்று நாள் என்னிடம், "உனக்காகன்னுதானே செஞ்சேன்னு எடுத்துச் சொல்லேன்" என்று நச்சரித்தார். நான் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் இறகு முளைத்துவிட்டது. போன இரண்டு வருஷம் முளைக்காது. அவர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அந்தக் கொல்லையில் வாயை மூடிக்கொண்டு நின்ற என்மேலும்தான்.

இந்த வருஷ விண்ணப்பத்தை அக்கா என்னிடம் கொடுத்தாள். "நீ எழுது. நீயே கொண்டுபோய்க் கொடு." பேனா வேண்டுமா என்று மாமா எழுந்து வந்தார்.

"இதுல நீங்க கை வைக்காதீங்க மாமா" என்றேன்.

அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. பிரிவு: மற்றவை. முதல் வருஷம். அழுத்தி எழுதியதில் காகிதம் கிழிந்துவிட்டது. வேறு வாங்கி எழுதினேன்.