கனகாம்பரப் பாத்தியில் ஒரு சாமி

விஜயராணிக்கு எளிதில் குமட்டாது. மும்பை சயானில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை. வாந்தி, சீழ், படுக்கையோடு போன மலம், எல்லாவற்றையும் அள்ளிக் கழுவிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். நோயாளி வேண்டுமென்றா செய்கிறான் என்பாள். வேண்டுமென்றே செய்கிறவர்களைத்தான் அவளுக்குச் சகிக்காது.

அப்படிப்பட்டவர்கள் அவள் தலைக்கு மேலேயே குடியிருந்தார்கள். தாராவி வீட்டை விற்றுச் செம்பூரில் வாங்கிய தரைத்தள வீடு. ஜன்னலுக்கு வெளியே கட்டில் அகலத்துக்கு மண். மேலிருந்து விழும் பான் எச்சில், முடிச்சுருள், டயப்பர் எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு அதில் கத்திரி, மிளகாய், கீரை, கனகாம்பரம் வைத்தாள். கனகாம்பரத்துக்காகத்தான் மற்றதெல்லாம். பூக்கடைக்காரன் எப்போது கேட்டாலும் மல்லியைத்தான் நீட்டுவான்.

புருஷன் நம்பிராஜன் ஒருநாள் உதவி செய்கிறேன் என்று இறங்கி, முளைத்த கீரையை எல்லாம் புல் என்று பிடுங்கிப் போட்டான். அடையாளத்துக்குக் குச்சி நட்டாள். கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் ஸ்டம்புக்கு உருவிக்கொண்டு போனார்கள். கடைசியில்தான் கல். நம்பிராஜன் பெயின்டர். மெட்ரோ வேலை நடந்த இடத்தில் கிடந்த கற்களைக் கொண்டுவந்து கத்திரிக்கு ஊதா, மிளகாய்க்குப் பச்சை என்று அடித்தான். கனகாம்பரத்துக்கு, எங்கோ ஒரு இரும்பு கேட்டுக்கு அடித்து மிஞ்சிய ஆரஞ்சை முழுக்கப் பூசினான்.

“ஒரு பூவாவது வரையப்படாதா?”

“ஏட்டி, நான் கேட்டுக்கு அடிக்கவன். கலரப் பாத்தாத் தெரியாதா?”

தெரிந்தது. ஊருக்கே தெரிந்தது. மும்பையில் செந்தூர நிறத்தில் கல் நின்றால் அது சாமி. முதல் சனிக்கிழமை யாரோ எண்ணெய் ஊற்றியிருந்தார்கள். அடுத்த வாரம் எருக்கிலை மாலை. பிறகு வெள்ளித் தகட்டில் இரண்டு கண்கள். ஒட்டியது யாரோ, அது நேராக அவள் அடுப்படியைப் பார்த்து முழித்தது.

மூன்றாவது மாடி பானுமதி தினமும் பால் ஊற்றினாள். மே மாத வெயிலில் பால் திரிந்து, எண்ணெயோடு குழைந்து, கல்லடியில் மஞ்சள் சளி போலத் தேங்கியது. படைத்த வாழைப்பழத்தில் புழு நெளிந்தது. பட்டப்பகலில் ஒரு பெருச்சாளி தேங்காய்ச் சில்லைக் கொறித்தபடி, அவள்தான் விருந்துக்கு வந்தவள் என்பதுபோல நிமிர்ந்து பார்த்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் சோறு வடிக்க முடிந்தது. எண்ணெய் குடித்த கனகாம்பரம் அடியிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது.

“பானு, செடி சாகுது. ஊத்தாத தாயி.”

“யக்கா, செடி போனா வேற வைக்கலாம். சாமி தானா வந்திருக்கு.”

“தானா ஒண்ணும் வரல. எங்க வீட்டுக்காரர் சைக்கிள்ல கொண்டாந்தாரு.”

ஞாயிற்றுக்கிழமை சொசைட்டி செகரட்டரி சுரேந்திரன் ஒரு கொத்தனாரோடு வந்தான். பின்னால் பாதிக் கட்டிடத்து ஆட்கள். கொத்தனாரின் டேப் பாத்தியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடியது.

“மார்பிள் போட்டு சின்னதா ஒரு கோயில் கட்டிரலாம்க்கா. மீட்டிங்ல பாஸ் ஆயிருச்சு. செடியெல்லாம் எடுத்துருங்க.”

“எடுக்க மாட்டேன். இது செடிக்கு வச்ச அடையாளக் கல்லு. ஏங்க, வாயத் தொறந்து சொல்லுங்க. யாரு பெயின்ட் அடிச்சா?”

நம்பிராஜன் கூட்டத்தைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான். “நாந்தான். கேட்டுக்கு அடிச்ச மிச்சம்.”

பானுமதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “பாத்தியளா! அவரு கையில சாமியே வந்து அடிக்க வச்சிருக்கு!”

கூட்டம் ஆமாம் போட்டது. நம்பிராஜனே ஒரு கணம் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். விஜயராணிக்கு அதுதான் தாங்கவில்லை. விறுவிறுவென்று போய்க் கல்லைப் பெயர்த்துத் தூக்கினாள். அடியிலிருந்து கரப்பான்கள் சிதறி ஓடின. கொழகொழவென்று ஏதோ அவள் முழங்கைவரை வழிந்தது.

“சாமின்னா எலி மூத்திரத்துல கெடக்கலாமா? இந்தாங்க செகரட்டரி, ஒங்க வீட்டுல கொண்டுபோய் வையுங்க.”

சுரேந்திரன் சட்டென்று பின்வாங்கினான். “அரே, நம்ம வீட்ல மீன் சமைக்கிறாங்க. சுத்தம் பத்தாதுக்கா.”

“அப்ப நீ வாங்கு பானு.”

பானுமதி முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். “நாத்தம் கொடலப் புடுங்குது. மொதல்ல கழுவுங்கக்கா.”

“ஏட்டி, யாரு ஊத்துன பாலு இது?”

கல்லை ஏந்தியபடி அவள் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றாள். ஒரு கைகூட நீளவில்லை. ஒருவருக்கு அடுப்பில் பால் இருப்பது ஞாபகம் வந்தது, இன்னொருவருக்கு போன் வந்தது. கொத்தனார் டேப்பைச் சுருட்டிக்கொண்டான். “அடுத்த மீட்டிங்ல பாப்போம்,” என்று லிஃப்டுக்குள் நுழைந்தான் சுரேந்திரன்.

அவள் கல்லைக் குழாயடியில் போட்டு, கண்களைப் பிய்த்தெடுத்து, கம்பிநார் கொண்டு ஆரஞ்சு உரியத் தேய்த்தாள். பிறகு மண்வெட்டியைப் புருஷன் கையில் திணித்தாள். பாத்தியில் ஒரே ஒரு கனகாம்பரத்தின் கணுவில் மட்டும் பச்சை இருந்தது.

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நம்பிராஜன் அதைச் சுற்றி எண்ணெய் மண்ணை வெட்டி வெட்டிக் கோணியில் போட்டான். “போதுமாட்டி?”

விஜயராணி குனிந்து ஒரு பிடி மண்ணை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

“இன்னும் வீசுது. தோண்டுங்க.”