எந்த ஊர்க் கிம்?

கதவு சாத்தப்பட்டதும் பான்சு கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்ப்பார். முதலில் முகத்தை அல்ல, காதைப் பார்ப்பார். போகுமிடத்தைக் கேட்டுக்கொண்டு வண்டியை நகர்த்துவார். முதல் சிக்னல் வருவதற்குள், "உங்க பேரு என்னங்க?" என்பார். கிம் என்ற குடும்பப் பேரோடு பதில் வந்தால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்.

"எந்த ஊர்க் கிம்?"

தென்கொரியாவின் பூசானில் டாக்சி ஓட்டுகிற ஒருவர் இதைக் கேட்க ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் வாய் வலித்துவிடும். ஏறுகிறவர்களில் ஐந்துக்கு ஒருவராவது கிம்மாக இருப்பார். "கிம்ஹே கிம்" என்பார்கள் பெரும்பாலோர், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். கியோங்ஜு கிம் என்பார்கள் சிலர். முதல் மூதாதையின் ஊர் எது என்றே தெரியாத இளவட்டங்களும் உண்டு. ஒரு கல்லூரிப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். "டிரைவர் சார், எங்க வகுப்புல கிம்முன்னு கூப்ட்டா பாதிப் பேர் திரும்புவாங்க. நீங்க யாரைத் தேடுறீங்க?"

"எங்க தாத்தாவை."

அதற்கும் சிரித்தாள். அவள் மேல் தப்பில்லை. பான்சு அப்படித்தான் சொல்வார், சில்லறை இருக்கிறதா என்று கேட்கிற குரலில்.

மூன்றாவது கேள்வியை எல்லோரிடமும் கேட்க மாட்டார். வயதானவர்கள் ஏறினால் மட்டும்தான். "உங்க வீட்ல போர்க் காலத்துல ஒரு சின்னப் பையனைத் தொலைச்சாங்களா?" அதற்குப் பிறகு வண்டிக்குள் யாரும் சிரிப்பதில்லை.

ஆளைப் பார்த்தால் தேடுகிறவர் என்று தோன்றாது. ஐம்பத்தைந்து வயது. குட்டைக் கழுத்து, வெள்ளைக் கையுறை, பக்கத்தில் பார்லி கொதித்த தண்ணீர்ப் புட்டி. சிவப்பு விழுந்தால் அடுத்த வண்டியில் இருப்பவர்களின் காதை எட்டிப் பார்ப்பார். அவர் அப்பாவுக்கு இடது காதின் மேல்விளிம்பு உள்பக்கமாக மடங்கியிருக்கும். பான்சுவுக்கும் அப்படித்தான். ரத்தம் சொந்தமாகக் கொடுத்தது என்று அவரால் காட்ட முடிந்தது அந்த மடிப்பு ஒன்றைத்தான்.

ஏனென்றால் பேர் சொந்தமில்லை. போர் தொடங்கிய வருஷத்துக் குளிரில், வடக்கிலிருந்து வந்து குவிந்த கூட்டத்தில், யொங்தோ தீவுப் பாலத்தடியில் தனியாக நின்ற நாலைந்து வயதுப் பையன் ஒருவனை ஓர் அனாதை இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இல்லத்தின் தலைவர் பேரைக் கேட்டார். பையன் "கிம்" என்றான். அகப்பட்ட தீவின் பேரை அதோடு ஒட்டி கிம் யொங்தோ என்று பதிந்தார் அவர். பூர்வீக ஊர் என்ன என்ற இடத்தில், பக்கத்தில் இருக்கிறதே என்று கிம்ஹேயைப் போட்டார்.

சோற்றைச் சுருட்டித் தின்கிற கறுப்புக் கடற்பாசித் தாளுக்கும் கிம் என்றுதான் பேர்.

"பேர் என்னன்னு கேட்டாரா, என்ன வேணும்னு கேட்டாரா, எனக்கு ஞாபகம் இல்லடா" என்று அப்பா ஒரு தடவை பான்சுவிடம் சொன்னார். "பசி ஞாபகம் இருக்கு. பாலத்துக் கம்பி சில்லுன்னு இருந்தது ஞாபகம் இருக்கு. கம்பியை விடாதேன்னு அம்மா சொன்னது ஞாபகம் இருக்கு. ஒரு அக்கா இருந்தா. அவ முதுகுலதான் வந்தேன். அவ்வளவுதான்."

அந்த ஒற்றைச் சொல்லுக்கு பான்சு கொடுத்த விலை பெரியது. இருபத்திரண்டு வயதில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தபோது, செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஹேசுக் என்ற பெண்ணை விரும்பினார். அவளும் கிம்ஹே கிம். ஒரே குடும்பப் பேரும் ஒரே பூர்வீக ஊரும் என்றால் அண்ணன் தங்கை மாதிரி. கல்யாணம் பதிவாகாது என்று அன்றைக்குச் சட்டம். அப்பா தன்னிடமிருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு ஹேசுக்கின் வீட்டுக்குப் போய் முழங்காலிட்டு உட்கார்ந்தார்.

"நாங்க நிஜமான கிம்ஹே கிம் இல்லைங்க. அது சும்மா எழுதினது."

ஹேசுக்கின் அப்பா கோபப்படக்கூட இல்லை. "அப்படின்னா நீங்க யாரு?" என்று கேட்டார்.

அப்பா எழுந்தார். குனிந்து வணங்கிவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பேருந்தில் திரும்புகிற வழியெல்லாம் கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே வந்தார். சில வருஷங்களில் அந்தச் சட்டம் போய்விட்டது. அதற்குள் ஹேசுக்குக்கு இரண்டு பிள்ளைகள்.

பான்சு கட்டிக்கொண்ட சுன்நம் கொஜே தீவுக்காரி. குடும்பப் பேர் ஒக். எங்கேயாவது ஓர் ஒக்கைப் பார்த்தால் அவளுக்கு அது சித்தப்பாவாகவோ சித்தப்பாவின் சம்பந்தியாகவோ இருக்கும். அறுவடைப் பண்டிகையில் அவள் ஊர் மலைச்சரிவில் பத்துத் தலைமுறைக் கல்லறைகளுக்குப் புல் வெட்டுவார்கள். பான்சுவும் போய் வெட்டுவார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கும் மருமகனிடம் மைத்துனன்மார், "மாப்பிள்ளைக்கு அரிவாள் நல்லா வருதே, சொந்தக் கல்லறைன்னா இன்னும் நல்லா வெட்டுவார்" என்று விளையாட்டாகச் சொல்வார்கள். சுன்நம் அவர்களை முறைப்பாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று. அதுவரை சொந்தங்களைப் பற்றி அதிகம் வாய் திறக்காத மனுஷர், முதியோர் மருத்துவமனைக் கட்டிலில் படுத்ததும் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார். பான்சு உள்ளே நுழைந்தால் போதும், "யாராச்சும் கெடைச்சாங்களா?" டாக்சியில் அந்தக் கேள்விகள் தொடங்கியது அப்போதுதான்.

கிம் குலங்களில் ஒன்றின் சங்க அலுவலகத்துக்கும் போய்ப் பார்த்தார். கூரை வரைக்கும் வம்சாவளித் தொகுதிகள். காரியதரிசி நல்ல மனுஷர். காகிதக் குவளையில் காப்பி கலந்து கொடுத்தார்.

"தாத்தா பேரு?"

"தெரியாதுங்க."

"உங்கப்பா தலைமுறைக்குப் பொது எழுத்து என்ன? அண்ணன் தம்பி பேர்லயெல்லாம் வருமே."

"அண்ணன் தம்பி இருந்தாங்களான்னே தெரியாதுங்க."

"கிம்முன்னு மட்டும் சொல்லிக்கிட்டு வந்தா நான் எந்த அலமாரியைத் திறக்கிறது, சொல்லுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வாரிசு இல்லாம நின்னுபோன கிளைங்க இருக்கு. அதுல ஒண்ணுல உங்கப்பாவைச் சேத்துடலாம். நெறையப் பேர் பண்ணியிருக்காங்க. அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி."

பான்சு காப்பியைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தார். "அந்த வீட்டு அம்மா பேர் என்ன?"

"பொம்பளைங்க பேர் போடுற வழக்கம் இல்லைங்க. பொறந்த வீட்டுக் குடும்பப் பேர் மட்டும்தான் இருக்கும்."

"என்ன இருக்கு?"

காரியதரிசி விரலை ஓட்டிப் பார்த்தார். கொஞ்சம் சங்கடப்பட்டார். "கிம்தான். வேற ஊர்க் கிம்."

பான்சு குவளையைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு எழுந்தார்.

போன வசந்தத்தில், மீன் சந்தை வாசலில் ஒரு கிழவி ஏறினாள். தலையில் துண்டு, கையில் கானாங்கெளுத்திப் பை. பேர் கிம் புன்ரே.

"எந்த ஊர்க் கிம்?"

"ஏன், பொண்ணு பாக்க வந்தியா? எண்பத்திரண்டு வயசு ஆச்சு, பரவாயில்லையா?"

பான்சு சிரித்துக்கொண்டே மூன்றாவது கேள்வியைக் கேட்டார். திரும்பிப் பார்த்தால், கிழவி மீன்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"வண்டியை ஓரங்கட்டு தம்பி."

அவள் தம்பி பேர் தொங்சிக். முதுகில் தூக்கி வந்தவள் அவள்தான். பாலத்தில் மூட்டையைச் சரிசெய்ய ஒரு நிமிஷம் இறக்கிவிட்டாள். முழங்காலுக்குக் கீழே கஞ்சிப்பானை சாய்ந்த தழும்பு இருக்கும் என்றாள். எந்தக் கால் என்று நினைவில்லை. பான்சுவின் அப்பாவுக்கு இடது காலில் தழும்பு உண்டு. துண்டை விலக்கிக் காதைக் காட்டச் சொன்னார். மடிப்பு இருப்பது போலத்தான் இருந்தது. மீட்டரை அணைத்துவிட்டு நேரே மருத்துவமனைக்கு ஓட்டினார்.

கிழவி கட்டிலருகே போய்ப் போர்வையை விலக்கி அந்தக் காலைத் தடவினாள். "தொங்சிக்கா" என்றாள். அப்பா அவளையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, கோணிய வாயால், "அக்கா" என்றார். அந்தச் சொல்லை அவர் யாரையும் பார்த்துச் சொல்லி பான்சு அதுவரை கேட்டதில்லை.

அதன் பிறகு புன்ரே இரண்டு மூன்று நாளுக்கொரு முறை சிப்பிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தாள். "என் தம்பிக்குத் தலைகூடச் சீவிவிட மாட்டியா மருமகனே? நீயெல்லாம் ஒரு புள்ளை!" என்று திட்டுவாள். பான்சு அத்தை, அத்தை என்று அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடப்பார். டாக்சியில் யாரிடமும் பேர் கேட்பதை விட்டுவிட்டார். சுன்நம் அத்தைக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுத்தாள்.

தம்பியை முறைப்படி குடும்பத்தில் சேர்க்க வேண்டும், செத்தால் அம்மா கல்லறைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது புன்ரேயின் ஆசை. அதற்கு நீதிமன்றத்தில் மரபணுச் சோதனை கேட்டார்கள். இருவரின் எச்சிலும் போயிற்று. உறவு இல்லை என்று முடிவு வந்தது.

பான்சு மலைச்சரிவில் இருந்த அவள் வீட்டுக்குப் போனார். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னார். அவள் கையிலிருந்த பல்லை உரித்து முடித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"அப்போ என் தம்பி எங்க?"

அடுத்த பல்லைக் கையில் எடுத்தாள்.

"இத்தனை மாசம் உங்கப்பாவுக்கு ஊட்டினேனே, அவனுக்கு யார் ஊட்டினா?"

"அத்தை, அப்பாகிட்ட சொல்ல வேண்டாம். நீங்க எப்பவும் போல வாங்க. உங்க கால்ல விழுறேன்."

"அந்த முகத்தைப் பாக்கப் பாக்க அவன் பொழைச்சுட்டான்னு தோணிடுது. அது பொய்யில்ல? என்னால முடியாது." பூண்டுக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். "முடியாது, டிரைவர் தம்பி."

அதற்குப் பிறகு அப்பா புதுக் கேள்வி ஒன்றைக் கேட்டார். "அக்கா ஏன் வரலை?" முட்டிவலி என்றார் பான்சு. மழை என்றார். பேரன் கல்யாணம் என்றார். சிப்பிக் கஞ்சியைக் கடையில் வாங்கிக்கொண்டு போய், அத்தை கொடுத்தனுப்பினாள் என்றார். அப்பா ஒரு வாய் வாங்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இலையுதிர் காலம் முடிகிற சமயத்தில் கேட்பதையும் நிறுத்திவிட்டார். குளிர் தொடங்கிய வாரத்தில் போய்விட்டார்.

இறுதிச் சடங்கு மண்டபம் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருந்தது. கொஜேயிலிருந்து ஒக் வீட்டு ஆட்கள் வந்தார்கள். டாக்சிக்காரர்கள் நாலைந்து பேர் சீருடையோடு வந்து வணங்கி, மாட்டிறைச்சி ரசம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். புன்ரேயின் எண்ணுக்கு பான்சு கூப்பிட்டுப் பார்த்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. பக்கத்து அறையில் வேறொரு கிம். வாசலிலிருந்து மாடிப்படி வரைக்கும் மலர்வளையங்கள்; பிள்ளைகள், பேரன்கள், பங்காளிகள் என்று கூட்டம் நெரிந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் கறுப்பு உடையில் ஏழெட்டுப் பேர் அப்பாவின் அறைக்குள் வேகமாக நுழைந்தார்கள். தொலைவிலிருந்து பேருந்து பிடித்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. வெளிப்பலகையில் கிம் என்று பார்த்ததும் உள்ளே வந்துவிட்டார்கள். முன்னால் நின்ற முதியவர் ஊதுபத்தி ஏற்றினார். வரிசையாக நின்று படத்தின் முன் இரண்டு முறை விழுந்து வணங்கினார்கள். "அண்ணே, எங்களை விட்டுட்டுப் போயிட்டியே" என்று ஒரு கிழவி தரையில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த அறையில் அப்பாவுக்காக அப்படி ஒரு குரல் எழுந்தது அதுதான் முதல் தடவை.

சுன்நம் கணவரின் துக்கக் கைப்பட்டியை இழுத்தாள். "என்னங்க, இவங்க பக்கத்து ரூமுக்கு வந்தவங்க."

முதியவரும் அப்போதுதான் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "ஐயோ, மன்னிக்கணும், நாங்க..." என்று வாயெடுத்தார்.

அதற்குள் பான்சு, பதில் வணக்கத்துக்கு இரண்டு கைகளையும் ஊன்றி மண்டியிட்டிருந்தார். நெற்றி தரையில் பட்டது. வேறு வழியில்லாமல் அவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள், குனிந்து எழுந்தார்கள். பான்சு மட்டும் நெற்றியைத் தரையிலிருந்து எடுக்கவே இல்லை.