பெயர் சொல்லாத தமுக்கு

மூன்றாம் வகுப்போடு தறியில் உட்கார்ந்தவன் நான். எழுத்துக் கோணலையும் பிழைகளையும் பொறுத்துப் படியுங்கள்.

சங்ககிரிப் பக்கம் எங்கள் ஊரில் தமுக்கு அடித்தவர் ஒருவர் இருந்தார். ஒட்டிய கன்னம். கண்ணை மூடிக்கொண்டுதான் சேதி சொல்வார். முடிவில், "இது பிரசிடெண்டு உத்தரவுங்கோ" என்று இரண்டு அடி அடிப்பார்.

ஜெர்மன் யுத்தத்தைக் காட்டிப் பஞ்சாயத்து எலெக்சனை மறுபடியும் தள்ளிவைத்த அன்று, சேதியை மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். காப்பிக் கடையில் இருந்த பிரசிடெண்டு அவரைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, எம் பேரை முழுங்கிட்டயா?"

"ஊரு உங்களுக்கு ஓட்டுப் போட்டது மூணு வருசத்துக்குத்தானுங்க சாமி. அது போன வருசமே முடிஞ்சுதுங்க. இன்னும் உங்க பேரை எப்படிங்க சொல்றது?"

கடை வாசலில் நின்ற நாங்கள் சிரித்துவிட்டோம். பிரசிடெண்டு எங்கள் பக்கம் திரும்பி, "இவன் சொல்றது நாயமாப்பா?" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஓட்டுப் போட்டவனான நானும் கையிலிருந்த நூல் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். தமுக்குக்காரர் கண்ணைத் திறந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றோடு தமுக்கு வேறு ஆளுக்குப் போயிற்று. புது ஆள் பிரசிடெண்டு பெயரை உரக்கச் சொல்கிறான். எலெக்சன் இன்னும் வரவில்லை.

நாங்கள் பேசுவோம் என்று அந்தப் பழைய தமுக்குக்காரர் எதை வைத்து நம்பினார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

பார்த்திப வருஷம், தை மாதம் எட்டாம் தேதி.